முள் தைத்த துணி

கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாளில் திருவண்ணாமலையின் மாட வீதிகளில் தேர்கள் வலம் வருகின்றன. தமிழகத்துத் தேர்களின் அழகில் ஒரு பாதி தச்சரின் உளியில் பிறப்பது. மறு பாதி தையற்காரரின் ஊசியில் பிறப்பது. தேரை அணிசெய்யும் சீலைகளும், உருளை வடிவில் தொங்கி அசையும் தொம்பைகளும் ஒட்டுத்தையலால் ஆனவை. பல நிறத் துணிகளை யாளியாகவும் அன்னமாகவும் பூவாகவும் வெட்டி, ஓரங்களை உள்ளே மடித்து, அடித்துணியின்மேல் வைத்து, சிறு சிறு தையலால் பொருத்துவது அக்கலை. தஞ்சை வட்டாரத்தில் அதனைத் தலைமுறை தலைமுறையாகக் கையால் செய்துவந்த குடும்பங்கள் உண்டு. துண்டு துண்டான துணிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடி, இறைவனின் தேருக்கு ஆடையாகின்றன.

அத்தேர் ஓடும் ஊரில், நூறு ஆண்டுகளுக்கும் முன்னர், வேறொரு தையல் நடந்தது. அதைச் செய்தவரிடம் ஊசி இல்லை, நூல் இல்லை, ஒட்டுப்போட வேறு துணியும் இல்லை. அரையில் ஒரு கோவணம், கையில் ஒரு துண்டு என்பதே அவருடைய உடைமைக் கணக்கு. பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அறிந்த வேங்கடராமனே அவர். அவருடைய வாழ்க்கையை உபதேசங்களின் வழியே சொன்னவர் பலர். அவர் கையில் துணியும் இலையும் தாளும் பெற்ற மதிப்பின் வழியேயும் அவ்வாழ்க்கையைச் சொல்லலாம். அப்படிச் சொல்லப் புகுந்தால், அது ஒரு வேட்டியைக் கிழித்ததில் தொடங்குகிறது.

கிழித்த வேட்டி

பாண்டி நாட்டுத் திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று, ஆருத்ரா தரிசனத் திருநாளின் நள்ளிரவு கழிந்த வேளையில் வேங்கடராமன் பிறந்தார். தந்தை சுந்தரமய்யர் அவ்வூரில் வழக்காடும் தொழில் செய்தவர், தாய் அழகம்மாள். அண்ணன் நாகசுவாமி, தம்பி நாகசுந்தரம், தங்கை அலமேலு என்று நிறைந்திருந்த வீடு அது. 1892-இல் தந்தை மறைந்தார். குடும்பம் அன்றே இரு கூறாயிற்று. மூத்த பிள்ளைகள் இருவரும் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டுக்குச் சென்றனர். தாய் இளைய குழந்தைகளுடன் மானாமதுரையில் தங்கினார். அந்த வீட்டில் விழுந்த முதல் கிழிசல் அது.

மதுரையில் ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும், பின்னர் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் அவர் படித்தார். படிப்பில் பெரிய நாட்டம் இல்லை. விளையாட்டிலும் நீச்சலிலும் ஆர்வம் மிகுதி. 1896 ஜூலை மாதத்தில், சித்தப்பா வீட்டு மாடியறையில், நோய் எதுவும் இல்லாத அந்த 16 வயது இளைஞரை மரண பயம் திடீரெனப் பற்றியது. உடல் இறந்தால் இறப்பது யார் என்ற வினாவை அவர் தமக்குள்ளேயே நிகழ்த்திப் பார்த்தார். சில நிமிடங்களில் முடிந்த அந்த விசாரணை அவருடைய எஞ்சிய வாழ்நாளைத் தீர்மானித்தது.

அதற்கு ஆறு வாரங்களுக்குப் பிறகு, ஆகஸ்டு 29 அன்று, அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டார். அண்ணனின் கல்லூரிச் சம்பளமாகக் கட்ட வேண்டிய ஐந்து ரூபாய் கையில் இருந்தது. தேவைப்படும் என்று கணக்கிட்ட மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயைத் தம்மைத் தேட வேண்டாம் என்று எழுதிய சீட்டுடன் வைத்துச் சென்றார். துறவு பூண்டு போகிறவர் செலவுக்கணக்குப் பார்த்தது கவனிக்கத்தக்கது. தேவைக்குமேல் எடுப்பதில்லை என்ற அந்தப் பழக்கம் அவரை விட்டு ஒருநாளும் நீங்கவில்லை. விழுப்புரம் வரை இரயில், பின்னர் மாம்பழப்பட்டு வரை இரயில், அங்கிருந்து அறையணிநல்லூருக்கும் கீழூருக்கும் கால்நடை. கீழூரில் முத்துக்கிருஷ்ண பாகவதர் என்பவரிடம் காதிலிருந்த கடுக்கனை அடகு வைத்து நான்கு ரூபாய் பெற்றார். அவ்வீட்டு அம்மையார் கோகுலாஷ்டமிக்குச் செய்த பட்சணத்தையும் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்.

1896 செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலை வந்து சேர்ந்து, நேராக அருணாசலேசுவரர் சந்நிதிக்குச் சென்றார். வெளியே வந்த பின் ஐயங்குளத்தங்கரையில் நடந்தவை யாவும் களைதலே. பட்சணப் பொட்டலம் குளத்தில் விழுந்தது. தலை மழிக்கப்பட்டது. கையில் எஞ்சிய மூன்றரை ரூபாயும் போயிற்று; பூணூலும் போயிற்று. உடுத்திருந்த வேட்டியிலிருந்து கோவணத்துக்கு வேண்டிய அளவு மட்டும் கிழித்துக்கொண்டு மற்றதை எறிந்தார்.

ஒரு முழு வேட்டியில் கோவணம் போக எஞ்சுவது சிறிதன்று. அந்த மீதியைக் குளிருக்குப் போர்த்திக்கொள்ளலாம் என்றோ, மாற்றுத் துணியாக வைத்துக்கொள்ளலாம் என்றோ அவருக்குத் தோன்றவில்லை. ஐயங்குளத்தங்கரையில் அன்று கிடந்தது வேட்டி மட்டும் அன்று. மானாமதுரையில் மகனை எண்ணித் தவித்திருந்த ஒரு தாயின் மனமும் அதனுடன் கிழிந்து கிடந்தது.

அதன்பின் ஆயிரங்கால் மண்டபம், பாதாள லிங்கம், பூந்தோட்டம், குருமூர்த்தம் என்று இடங்கள் மாறின. பாதாள லிங்கத்தின் இருட்டில் பூச்சிகள் தொடையைத் தின்றதும் அவருக்குத் தெரியவில்லை. உடம்பையே மறந்திருந்தவருக்கு உடையைப் பற்றிய நினைவு எங்கே இருக்கும்?

1898 டிசம்பரில் தாய் மூத்த மகனுடன் தேடி வந்தார். அப்போது அவர் பவழக்குன்றில் இருந்தார். அழுக்கேறிய உடலும் சடை பிடித்த தலையுமாகப் பாறைமேல் கிடந்த மகனைத் தாய் அடையாளம் கண்டுகொண்டார். நாள்தோறும் பலகாரம் செய்து எடுத்துச் சென்று, வீட்டுக்கு வருமாறு அழைத்தார், மன்றாடினார், அழுதார். மகன் வாய் திறக்கவில்லை. அருகிலிருந்தவர் வற்புறுத்தலின்பேரில் ஒரு தாளில் சில வரிகள் எழுதிக் கொடுத்தார். அவரவர் வினைப்படி நடப்பது நடந்தே தீரும், நடவாதது என்ன முயன்றாலும் நடவாது, ஆதலின் மௌனமாயிருத்தலே நன்று என்பது அதன் கருத்து. தாய் அதை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

ஆயிரங்கண் துண்டு

1899 முதல் 1916 வரை விரூபாக்ஷ குகை அவருடைய இருப்பிடம் ஆயிற்று. ஊரில் பிளேக் நோய் பரவிய காலத்தில் பச்சையம்மன் கோயிலிலும் தங்கியதுண்டு. பழனிசுவாமி என்ற அன்பர் உடனிருந்து பணிவிடை செய்தார். மலை வாழ்க்கையின் அத்தொடக்க ஆண்டுகளில்தான் அந்தத் தையல் நடந்தது.

அவரிடம் ஒரு மெல்லிய துண்டு இருந்தது. துடைக்கவும், உலர்த்தவும், கைக்காரியங்களுக்கும் அதுவே. நாளடைவில் அது கண்ட இடமெல்லாம் கிழிந்து சல்லடையாயிற்று. ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் அதைக் கண்டு, அந்தத் துண்டைக் கவர்னர் துரை கேட்டனுப்பியிருப்பதாகச் சொல்லிக் கை நீட்டினான். தர முடியாது என்று சொல்லித் துரைக்கு விடை அனுப்பினார் அவர். விளையாட்டாகத் தொடங்கியது விளையாட்டாகவே முடிந்தது. ஆனால் அச்சிறுவன் கண்ணில் பட்டது அன்பர் கண்ணிலும் படக்கூடும் என்ற எச்சரிக்கை அவருக்கு ஏற்பட்டிருக்க வேண்டும். அதன்பின் துண்டை விரித்துப் போர்த்தவில்லை. சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டார். குளித்தபின் அதனால் துடைத்து, யாரும் வராத இடத்தில் உலர்த்தி, மறுபடியும் சுருட்டி மறைத்து வைத்தார்.

கோவணமும் அவ்வாறே நைந்தது. ஓரம் தேய்ந்தபோது தலைகீழாக மாற்றிக் கட்டினார். நடுவில் கிழிந்தபோது தைக்க வேண்டியதாயிற்று. ஊசி கேட்டால் அன்பர்கள் காரணம் கேட்பார்கள். காரணம் தெரிந்தால் புதுத்துணி வந்து குவியும். யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்ற வழக்கமும் இருந்தது. ஆகவே காட்டுப் பக்கம் ஒதுங்கிச் சென்று முள் ஒன்றை எடுத்தார். அதன் தலைப்பில் வேறொரு முள்ளால் துளையிட்டார். ஊசி ஆயிற்று. கோவணத்திலிருந்தே ஓர் இழையை உருவினார். நூல் ஆயிற்று. கிழிசலைத் தைத்து, தைத்த இடம் வெளியே தெரியாதவாறு மடித்துக் கட்டிக்கொண்டார்.

இதைப் படிப்பதற்கு எளிதாக இருக்கிறது. செய்வதற்கு அத்தனை எளிதன்று. நைந்த பருத்தித் துணியில் இழையை வேகமாக இழுத்தால் நடுவில் அறும். ஓரத்திலிருந்து பொறுமையாக, ஒவ்வொன்றாக உருவ வேண்டும். உருவ உருவ ஓரம் தளரும். துணி அந்த அளவுக்குக் குறையும். ஒரு மூலையின் வலிமையை எடுத்து மற்றொரு மூலைக்குக் கொடுக்கும் தையல் இது. எங்கிருந்து எடுக்கலாம், எங்கே கொடுக்க வேண்டும் என்று துணியை நன்கு அறிந்த கைதான் இதைச் செய்ய முடியும்.

முள் தைப்பதும் தைத்தல். ஊசியால் தைப்பதும் தைத்தல். ஊறு செய்வதற்கும் ஊறு நீக்குவதற்கும் தமிழ் ஒரே வினையை வைத்திருக்கிறது. காலில் தைத்திருக்க வேண்டிய முள், அவர் கையில் கிழிசலைத் தைத்தது.

இவ்வாறு ஆண்டுகள் கடந்தன. ஒருநாள் மறைவு வெளிப்பட்டது. தம் அருகிலேயே இருந்தவர் இத்தகைய கந்தலை உடுத்திருந்தது தெரியவந்ததும், அன்பர்கள் தங்கள் கவனக்குறைவுக்காக வருந்தி, மன்னிப்பு வேண்டி, புதுத் துண்டும் கோவணமும் கொண்டுவந்து கொடுத்தனர். அவர் கேட்டுப் பெறவில்லை. கொடுத்ததை மறுக்கவும் இல்லை. பின்னாளில் இச்செய்தியை அவர் சிரிப்புடன் எடுத்துரைத்தபோது கேட்டவர்கள் கண் கலங்கினர். கவிஞர் முருகனார் இதைப் பாட்டில் ஏற்றினார். துளைகள் நிறைந்த அத்துண்டு ஆயிரங்கண்ணனான இந்திரனை அவருக்கு நினைவூட்டியது.

கந்தைக்குத் தமிழ்க் கவிதையில் நெடிய மரபு உண்டு. பொருநராற்றுப்படையில் வரும் பொருநன் வறுமையால் உடுத்தியிருந்த சிதைந்த ஆடை, வேற்று நூல் கொண்டு தைக்கப்பட்டது, வேர்வையில் நனைந்தது. கரிகாலன் அதைக் களைவித்து, பாம்பின் தோல்போல் மெல்லிய புத்தாடை உடுத்துவிக்கிறான். பாடுவோனின் கந்தை புரவலனின் கொடையால் நீங்குவது அம்மரபு. மலைமேல் இருந்தவரின் கந்தை அம்மரபில் அடங்கவில்லை. அங்கே புரவலன் வேடத்தில் வந்தவன் ஆட்டிடையச் சிறுவன். அவன் கொடுக்க வரவில்லை, கேட்க வந்தான். தையலுக்கு வேற்றிழையும் வேண்டப்படவில்லை.

இத்தையலுக்கு நெருங்கிய உறவு ஒன்றை வங்கத்தில் காணலாம். அங்குள்ள பெண்கள் பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அச்சேலைக் கரைகளிலிருந்தே உருவிய வண்ண இழைகளால் ஓட்டுத்தையல் இட்டுப் போர்வை செய்துவந்தனர். காந்தா என்பது அதன் பெயர். பௌத்தத் துறவிகள் எறிந்த துணிகளைப் பொறுக்கிச் சேர்த்துச் சீவரம் தைத்து உடுத்ததும் பழைய வழக்கமே. வீட்டுப் பெண்ணும் வீட்டைத் துறந்த பிக்குவும் கந்தலை நோக்கிய நோக்கில் வேற்றுமை இருக்கவில்லை. பயன்பட்டது இன்னும் பயன்படும் என்பதே அந்நோக்கு. ஐயங்குளத்தில் வேட்டியை எறிந்தவர், பத்தாண்டுகளுக்குள் அந்நோக்குக்கு வந்து சேர்ந்திருந்தார்.

தாய் அமைத்த அடுப்பு

1914-இல் தாய் அழகம்மாள் விரூபாக்ஷ குகைக்கு வந்திருந்தபோது கடுங்காய்ச்சலில் விழுந்தார். 1898-இல் அவர் கண்ணீருக்கு அசையாத மகன், இப்போது உடனிருந்து பார்த்துக்கொண்டார். தாயின் நோய் நீங்க அருணாசலனை வேண்டி வெண்பாக்கள் பாடினார். அவர் தமக்கென எதையும் வேண்டியதில்லை, தாய்க்காக வேண்டினார். தாய் பிழைத்து எழுந்தார்.

1916 தொடக்கத்தில் தாய் மகனுடனேயே வாழ்வதென்று வந்துவிட்டார். விரைவில் எல்லோரும் மேலேயுள்ள ஸ்கந்தாசிரமத்துக்குக் குடிபெயர்ந்தனர். கந்தசாமி என்ற அன்பர் பாறைச் சரிவைத் திருத்தித் தம் உழைப்பால் உருவாக்கிய இடம் அது. அதுவரை ஊரில் பிச்சையெடுத்தும், எச்சம்மாள் போன்ற அன்னையர் நாள்தோறும் மலையேறிக் கொண்டுவந்தும் நடந்த உணவுக் காரியம், தாயின் வருகைக்குப் பின் அடுப்பு மூட்டிச் சமையல் என்று மாறியது. கீரைப்பாட்டி மலையில் கீரை பறித்து வந்தார். துறவியின் குகையில் தாளிக்கும் மணம் எழுந்தது.

தாய் ஆசாரம் மிகுந்தவர். வெங்காயமும் முருங்கைக்காயும் அவருக்கு ஆகா. மோட்சத்துக்கு அவை பெருந்தடை என்று கேலி செய்து மகன் அவரைச் சீண்டினார். அப்பளம் இடத் துணைக்கு வருமாறு தாய் அழைத்தபோது, அவர் தாயின் கைவேலையையே கருவாக்கி அப்பளப் பாட்டை இயற்றினார். உளுந்தை உடைப்பது, பிரண்டைச் சாறு சேர்ப்பது, இடிப்பது, இட்டுப் பொரிப்பது ஆகிய அடுக்களை வேலைகள் ஒவ்வொன்றும் அப்பாட்டில் ஞான சாதனையின் ஒவ்வொரு படியாக நிற்கின்றன. வேதாந்தத்தைச் சொல்ல உவமை தேடி அவர் தொலைவில் செல்லவில்லை. தாயின் முறத்தருகே அது கிடைத்தது.

மனைவியை இழந்த தம்பி நாகசுந்தரமும் வந்து துறவு பூண்டு நிரஞ்சனானந்தரானார். திருச்சுழியில் சிதறிய குடும்பத்தில் எஞ்சியவர் சிலர், மலைமேல் மறுபடியும் ஒன்றாக உண்டனர். அண்ணன் நாகசுவாமி அதற்கு வெகுகாலம் முன்னரே மறைந்துவிட்டார். அந்தக் கிழிசல் கிழிசலாகவே நின்றது. எந்தத் தையலும் துணியைப் பழைய துணி ஆக்குவதில்லை. உடுத்தத் தக்கதாக ஆக்குகிறது, அவ்வளவே.

1922 மே 19 அன்று தாயின் இறுதி நாள். காலையிலிருந்து இரவு வரை மகன் அவர் அருகிலேயே அமர்ந்து, வலக்கையை மார்பிலும் இடக்கையைத் தலையிலும் வைத்தபடி இருந்தார். மூச்சு அடங்கிய பின்னரே கைகளை எடுத்தார். பவழக்குன்றில் தாயை வெறுங்கையுடன் அனுப்பியவரின் இரு கைகளும், அன்று பகல் முழுவதும் தாயைத் தவிர வேறெதையும் பற்றவில்லை. மலையடிவாரத்தில் பாலிதீர்த்தத்தின் அருகே தாயின் சமாதி அமைந்தது. அவ்வாண்டின் இறுதியில் அவரும் கீழிறங்கி அங்கேயே தங்கினார். ஸ்ரீ ரமணாசிரமம் அந்தச் சமாதியைச் சுற்றி வளர்ந்தது.

இலையும் தாளும்

ஆசிரமம் வளர்ந்தபோதும் அவர் கைகள் ஓயவில்லை. விடியுமுன்னரே அடுக்களைக்கு வந்து காய் நறுக்கினார், அரைத்தார், கிளறினார். கத்தரிக்காயின் காம்பையும் கீரைத் தண்டையும் எறிய விடாமல் அவற்றுக்கும் ஒரு பக்குவம் கண்டார். தரையில் சிந்திய அரிசியையும் கடுகையும் ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினார். சமையற்கட்டில் உழைத்தவர்களில் பலர் கணவனை இழந்த பெண்கள். உலகம் ஒதுக்கி வைத்த அவர்களுக்கு அவருடன் அமர்ந்து வேலை செய்த அந்த அதிகாலைகளே வாழ்வின் நிறைவாயின.

இலை தைப்பதில் அவர் கைதேர்ந்தவர். மலையில் ஆலிலை பொறுக்கி வந்து, உலர்த்தி, அடுக்கி, ஓய்வு வேளைகளில் உடனிருந்தவர்களுடன் தைத்தார். தையல் இலையில் ஒட்டுத்தையலின் முறையே இருக்கிறது. ஓர் இலையின் ஓரத்தை மற்றோர் இலை மூட, ஈர்க்குக் குச்சி மேலும் கீழுமாக ஓடி இரண்டையும் பிடிக்கும். நடுவில் இடைவெளி விழுந்தால் இரசம் ஒழுகும். குச்சி அழுத்தமாக இழுக்கப்பட்டால் இலை கிழியும். தளர்ந்தால் பிரியும். இத்தனை கவனத்துடன் தைத்ததை ஒருவேளை உண்டபின் எறிந்துவிட வேண்டும். எறிவதற்கென்றே இவ்வளவு செம்மையாகச் செய்வது அவருக்கு முரணாகத் தோன்றவில்லை.

தேங்காய்ச் சிரட்டைகளைத் தேய்த்து மெருகேற்றிக் கிண்ணமாகவும் கரண்டியாகவும் ஆக்கினார். அச்சகத்திலிருந்து வந்த தாள்களில் எழுதப்படாத பக்கங்களை வெட்டிச் சேர்த்துக் குறிப்பேடுகளாகத் தைத்தார். கடிதங்களில் வந்த குண்டூசிகளை எடுத்துப் பத்திரப்படுத்தினார். நைந்த புத்தகங்களைப் பிரித்து, ஒட்டி, மறுகட்டுக் கட்டினார். செல்வர்கள் வந்து வணங்கிய கூடத்தில், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மேலை நாடுகளிலிருந்தும் வந்தோர் அமைதியில் ஆழ்ந்திருந்த கூடத்தில், அவர் பசையும் கத்திரிக்கோலுமாக அமர்ந்திருந்த நேரங்கள் உண்டு.

பயன் கருதாத செயல் எது என்று அன்பர் ஒருவர் ஒருமுறை கேட்டார். விடை வரவில்லை. சற்று நேரத்தில் எல்லோரும் மலையில் நடந்தபோது, வழியில் கிடந்த முட்கிளை ஒன்றை அவர் எடுத்தார். அமர்ந்து முள்ளைச் சீவினார்; கணுக்களை வழித்தார்; சொரசொரப்பான இலையால் தேய்த்தார். பல மணி நேரத்துக்குப் பின் அழகான கோல் ஒன்று உருவாயிற்று. அப்போது கோலைத் தொலைத்துவிட்டு வருந்தி நின்ற ஆட்டிடையச் சிறுவன் ஒருவன் எதிர்ப்பட்டான். கோல் அவன் கைக்குப் போயிற்று. கேட்டவர் தம் கேள்விக்கு விடை வந்துவிட்டதை உணர்ந்தார். முன்பு விளையாட்டுக்குக்கூட ஒரு துண்டைக் கொடுக்காதவர், உழைத்துச் செய்த கோலை ஒரு சொல்லும் இல்லாமல் கொடுத்தார்.

ஈற்றடியின் ஓரம்

கவிதையிலும் அவருடைய கை இதே கைதான். தாமாக நூல் எழுத வேண்டும் என்று அவர் அமர்ந்ததில்லை. பிச்சைக்குச் செல்லும் அன்பர்கள் வழியில் பாட ஒரு பாடல் வேண்டும் என்றனர், அக்ஷரமணமாலை பிறந்தது. 108 கண்ணிகள், அகர வரிசையில் தொடுத்தவை. தொண்டர் கேட்டதால் எழுந்த அம்மாலைக்குப் பின் அவர்களின் பிச்சைப் பாத்திரம் குறைவின்றி நிறைந்தது என்பர்.

1923-இல் வந்து சேர்ந்த முருகனார், தமிழாசிரியர், இலக்கணம் வல்லவர். அவ்வப்போது மகரிஷி பாடியிருந்த உதிரி வெண்பாக்களை அவர் 1928-இல் திரட்டினார். அவை 21. அவற்றை ஒரு நூலாக்க வேண்டும் என்று வேண்டினார். 1928 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மகரிஷி புதிய வெண்பாக்களை இயற்றி, பழையவற்றை நூலின் ஓட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாதவற்றை ஒதுக்கினார். இரண்டு மங்கல வெண்பாக்களும் நாற்பது வெண்பாக்களுமாக உள்ளது நாற்பது உருவாயிற்று. பழைய 21-இல் பெரும்பாலானவை நூலுக்குள் இடம் பெறவில்லை. ஆனால் அவை எறியப்படவும் இல்லை. அநுபந்தம் என்ற பெயரில் தனியே சேர்க்கப்பட்டு, பின்னர் வடமொழியிலிருந்து தமிழாக்கிய பாடல்களுடன் வளர்ந்து, அதுவும் நாற்பதாயிற்று. வெட்டிய துணியின் மீதியிலிருந்து இன்னொரு போர்வை.

நாற்பதையும் அன்பர்கள் ஒருசேர ஓதத் தொடங்கியபோது புதிய தேவை எழுந்தது. ஒரு வெண்பா முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் ஓதுவோருக்குத் தடுமாற்றம் நேரும், வரிசை மறக்கும். வெண்பாவின் ஈற்றடி மூன்று சீரோடு நின்றுவிடுவது. கலிவெண்பாவிலோ கடைசி அடி தவிர மற்றவை யாவும் நாற்சீர் அடிகள். அவர் ஒவ்வொரு வெண்பாவின் ஈற்றுச் சீரையும் நீட்டி, மேலும் ஒரு சீரைச் சேர்த்து, அடுத்த வெண்பாவின் முதலோடு தளை பிறழாமல் இணைத்தார். நாற்பது வெண்பா ஒரே கலிவெண்பாவாயிற்று. இணைப்புச் சொற்கள் அசையை நிரப்பும் வெறும் அடைமொழிகளாக நிற்கவில்லை. முன்னதன் பொருளைத் தெளிவாக்கவோ பின்னதைத் தொடங்கிவைக்கவோ செய்கின்றன. வேற்று நூலால் போட்ட தையலாக அது தெரிவதில்லை. அந்தத் துணியிலேயே இருந்த இழை நீண்டு வந்ததுபோல் இருக்கிறது.

தமிழ் யாப்பில் சீரோடு சீரைப் பிணைப்பதற்குத் தளை என்று பெயர். கட்டு, விலங்கு என்ற பொருள்களும் அச்சொல்லுக்கு உண்டு. கட்டுகள் யாவற்றையும் ஐயங்குளத்தில் அறுத்தெறிந்தவர், வெண்டளை ஒன்றும் பிசகாமல் இரவு பகலாக அமர்ந்து கட்டினார். உலகைத் துறந்தவருக்கு யாப்பில் ஏன் இத்தனை அக்கறை என்று கேட்கலாம். முள்ளூசியால் தைத்த கோவணத்தில் தைத்த இடம் தெரியாமல் மடித்துக் கட்டிய அக்கறைதான் அது. ஓதும் எளிய அன்பருக்கு உதவ வேண்டும். உதவிய கை தெரியக் கூடாது.

1947-இல் இயற்றிய ஏகான்ம பஞ்சகம் அவருடைய கடைசிப் படைப்பு. ஐந்தே வெண்பாக்கள். அவற்றையும் கலிவெண்பாவாக இணைத்து வைத்தார்.

உண்ட இலை

1949 மார்ச்சில் தாயின் சமாதிமேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே அவருடைய இடக்கையில் கட்டி தோன்றியிருந்தது. புற்று என்று தெரிந்தது. பிப்ரவரி, மார்ச், ஆகஸ்டு, டிசம்பர் என்று அவ்வாண்டில் நான்கு முறை அறுவை நடந்தது. துணியைப் பிடித்த, இலையைப் பிடித்த, தாயின் தலையில் வைத்த கை அது. அன்பர்கள் அழுதனர். உடலை வைத்துக்கொள்ளுமாறு மன்றாடினர். உண்டு முடித்தபின் இலையை யாரும் பத்திரப்படுத்துவதில்லை, எறிந்துவிடுகிறோம் என்ற கருத்தை அவர் சொல்லி ஆற்றினார். பிறர் வாயில் அது ஓர் உவமையாகவே நின்றிருக்கும். ஆயிரமாயிரம் இலைகளைத் தம் கையால் தைத்து, அவை எறியப்படுவதை நாள்தோறும் பார்த்தவர் வாயில் அது அனுபவமாக இருந்தது. வாழ்நாளெல்லாம் எதையும் வீணாக எறிய விடாதவர், எறிய வேண்டியது எது என்பதையும் அறிந்திருந்தார்.

1950 ஏப்ரல் 14 மாலையில், அவர் கிடந்த சிற்றறைக்கு வெளியே கூடியிருந்த அன்பர்கள் அக்ஷரமணமாலையை ஓதத் தொடங்கினர். பிச்சைக்குப் போகிறவர்களுக்காக அவர் தொடுத்துக் கொடுத்த மாலை, ஏறத்தாழ முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அவரிடமே திரும்பி வந்தது. அவர் கண்களைத் திறந்தார். விழியோரத்தில் நீர் வழிந்தது. இரவு 8 மணி 47 நிமிடத்துக்கு மூச்சு அமைதியாக நின்றது.

அவர் விட்டுச் சென்றவற்றில் துணிக்கணக்கு மிகச் சிறியது: கோவணங்களும் துண்டுகளும். முள்ளால் தைத்த அந்தப் பழைய கோவணம் எங்கே போயிற்று என்று யாரும் தேடியதில்லை. தேடியிருந்தாலும் தைத்த இடம் தெரிந்திராது. தாய்க்குக் கோயில் இருக்கிறது. நாற்பது வெண்பாக்களும் ஒரே ஓட்டமாக ஓதப்படுகின்றன. ஆண்டுதோறும் ஏழாம் நாளில் தேர்கள் மாட வீதியில் நகர்கின்றன, தொம்பைகள் காற்றில் அசைகின்றன. மேலே, ஒட்டுப்போடாத ஒரே பாறையாக, மலை நிற்கிறது.